ஆழமில்லாக் கடலடியை வரைபடமாக்குவது எப்படி? பாக் விரிகுடாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடற்புல் எங்கே இருக்கிறது, பவளப்பாறை எங்கே முடிகிறது, வெறும் மணல் எவ்வளவு என்று ஆழம் குறைந்த கடலின் அடியை வரைபடமாக்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? முறையியல் பற்றிப் படிக்க ஆய்வுக்கட்டுரைகள் ஏராளமாகக் கிடைக்கும். ஆனால் எந்த மாதம் எந்த அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும், படகுக்காரரிடம் முதலில் என்ன பேச வேண்டும், பணம் எதில் கரையும் என்பதெல்லாம் அவற்றில் இருக்காது. அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உதாரணங்கள் பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் சேர்ந்தவை. வேறு கடற்கரையில் வேலை செய்பவர்கள் காற்றையும் அலுவலகத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியில் செய்யும் வேலை இதில் சின்னப் பகுதிதான். அனுமதிக் காகிதமும் காற்றும்தான் உங்கள் வருடத்தைத் தீர்மானிக்கும்.

1. எந்த இடம், யாருக்காக: ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

தொடங்கும்போது எல்லோருக்கும் முழுக் கடலையும் வரைந்துவிடும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு ஊருக்கு முன்னால், கரையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர், ஐந்து மீட்டர் ஆழம் வரை என்பது முதல் வருடத்துக்குப் போதும்.

வரைபடம் யாருக்கு என்பதையும் எழுதி வையுங்கள். கடற்பசுப் பாதுகாப்புக்கு என்றால் புல் அடர்த்தியும் எந்த இனப் புல் என்பதும் முக்கியம். கடற்புல் வெளியும் பவளப்பாறையும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் முதல் வகைப் பகுதிகள். அந்த அறிவிக்கைப்படி எல்லை குறிக்கும் வேலைக்கு என்றால் எல்லைக்கோடு துல்லியமாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வரைபடம் என்று தொடங்கினால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும்.

அந்தப் பக்கத்திலேயே வகைகளையும் எழுதுங்கள். என் பரிந்துரை ஆறு: அடர்ந்த கடற்புல், சிதறிய கடற்புல், மணலும் சேறும், பாறையும் பவளமும், பாசி, கடைசியாக 'பார்க்க முடியவில்லை'. இந்தக் கடைசி வகையை விட்டுவிடாதீர்கள். கலங்கிய நீரின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்துக்கு மணல் நிறம் அடித்துவிட்டால், நாளை அந்த இடத்தில் ஏதாவது கட்ட நினைப்பவர் உங்கள் வரைபடத்தையே ஆதாரமாகக் காட்டுவார்.

2. நாள்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

வாடைக்காற்று வீசும் அக்டோபர் முதல் ஜனவரி வரை பாக் விரிகுடா கலங்கிக் கிடக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மே முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடாப் பக்கம் கலங்கும். ராமேஸ்வரம் தீவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெவ்வேறு பருவம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே பாக் விரிகுடாவில் தண்ணீர் தெளிந்திருக்கும் காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. உங்கள் திட்டம் முழுக்க இந்தச் சில வாரங்களைச் சுற்றித்தான் அமைய வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல், சூரியன். ராமேஸ்வரம் பக்கம் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த மாதங்களில் எடுத்த செயற்கைக்கோள் படங்களில் கடல்மேல் வெயில் பளபளப்பு படர்ந்து அடி தெரியாமல் போகும். வாடை அடங்கி, சூரியன் இன்னும் உச்சிக்கு ஏறாத பிப்ரவரி, மார்ச் படங்களைத்தான் நான் முதலில் தேடுவேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், இழுவலை சேற்றைக் கிளப்பாது. மற்ற மாதங்களில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு உண்டு. எந்தெந்தக் கிழமை என்பதைப் போகிற ஊரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். படகுக்குச் சொல்லும்போது இந்தக் கணக்கைப் பார்த்துச் சொன்னால் பாதித் தொல்லை குறையும்.

பிப்ரவரியில் கடலில் இறங்க வேண்டுமென்றால் மனு ஆகஸ்டில் போக வேண்டும். செப்டம்பருக்கு மேல் தள்ளினால் அந்தப் பருவம் கையைவிட்டுப் போய்விடும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்தது ஒரு வருடம் கழித்துத்தான்.

3. அனுமதிகள்: எங்கே, என்னென்ன காகிதம்

நீங்கள் போகும் இடம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலுமாக 560 சதுர கிலோமீட்டர். இதற்குள் ஆய்வு என்றால் 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் அனுமதி வேண்டும். அதைக் கொடுப்பவர் சென்னையில் இருக்கும் தலைமை வன உயிரினக் காப்பாளர். ஆனால் உங்கள் மனு ராமநாதபுரத்தில் இருக்கும் வன உயிரினக் காப்பாளரின் கருத்தைக் கேட்டுத் திரும்பி வரும். அதனால் சென்னைக்கு அனுப்புவதற்கு முன்பே ராமநாதபுரம் போய், நேரில் பார்த்து, ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். எனக்கு ஒரு அலுவலகத்தில் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆனது. அனுப்பிய தேதியும் பதிவு எண்ணும் கையில் இருந்ததால்தான் அதுவும் முடிந்தது.

பாக் விரிகுடாக் கடற்பசுப் பாதுகாப்பகம் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர். தேசியப் பூங்காவைவிடக் கெடுபிடி குறைவுதான். ஆனாலும் மாவட்ட வன அலுவலரின் கடிதம் இல்லாமல் இறங்காதீர்கள். கடலில் யார் நிறுத்திக் கேட்டாலும் காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

மனுவோடு வைக்க வேண்டியவை பெரும்பாலும் இவைதான்: திட்டச் சுருக்கம், இடத்தின் வரைபடம் ஆயத்தொலைவுகளோடு, குழுவினர் பட்டியலும் அடையாள அட்டை நகல்களும், நிறுவனத் தலைவரின் கடிதம், நிதி எங்கிருந்து வருகிறது என்ற விவரம், கருவிகளின் பட்டியல், படகின் பதிவு எண், எதையும் எடுத்து வர மாட்டோம், அறிக்கை கொடுப்போம் என்ற உறுதிமொழி.

இதில் வழக்கமாகக் கால் இடறும் இடங்கள்:

தேதியை நாளாகக் குறிப்பிடாதீர்கள். 'பிப்ரவரி 10 முதல் 20 வரை' என்று அனுமதி வாங்கி, அந்தப் பத்து நாளும் காற்று அடித்தால் மறுபடி முதலிலிருந்து. பிப்ரவரி முதல் ஜூன் வரை என்று கேளுங்கள்.

ஒரு படகுக்குப் பதிலாக இரண்டு படகுகளின் பதிவு எண்களைக் கொடுங்கள். சொன்ன படகின் எஞ்சின் சொன்ன நாளில்தான் பழுதாகும். குழுவிலும் இரண்டு பெயர் கூடுதலாக இருக்கட்டும்.

'மாதிரி சேகரிப்பு' என்ற சொல் மனுவில் இருந்தால் கோப்பு வேறு பாதையில் நீண்டு போகும். முதல் வருடம் படம் எடுப்பது, அளப்பது மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிரினங்கள். செத்துக் கரையொதுங்கிய பவளத் துண்டைக்கூட நினைவுக்காகப் பையில் போடாதீர்கள்.

வெளிநாட்டு நண்பரை 'சும்மா உதவிக்கு' என்று படகில் ஏற்றாதீர்கள். அவருக்குத் தனி அனுமதிகள் உண்டு. சர்வதேசக் கடல் எல்லை பக்கத்தில் இருக்கும் இடம் இது.

அதே காரணத்தால், செயற்கைக்கோள் தொலைபேசியோ செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவியோ உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். மலையேறும் நண்பர்கள் பாதுகாப்புக்கு என்று அன்பாகக் கொடுத்தனுப்புவார்கள். வாங்காதீர்கள்.

ட்ரோன் பற்றிப் பலர் கேட்பதால் தனியாகச் சொல்கிறேன். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனுக்குத் தனித்த அடையாள எண் வாங்க வேண்டும். கட்டணம் 100 ரூபாய்தான். பிரச்சினை அங்கே இல்லை. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது. வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் பார்த்த பிறகே மேலே யோசியுங்கள். தீவுகளுக்கு மேல் பறக்க வனத்துறை அனுமதியும் வேண்டும். இவ்வளவும் கிடைத்து எடுத்தாலும், ஒரே மாதிரி இருக்கும் தண்ணீர்ப் படங்களை மென்பொருளால் ஒட்ட முடியாது. புதியவர்கள் முதல் வருடம் ட்ரோனை மறந்துவிடுங்கள்.

கடைசியாக, கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்துக்கும் மீன்வளத்துறைக்கும் அனுமதி நகலோடு ஒரு தகவல் கடிதம். பதில் வராது, வரவும் தேவையில்லை. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

4. ஊருக்குப் போவது

இதைக் கருவி வாங்குவதற்கு முன்பே செய்யுங்கள். கரையோர மீனவருக்குக் கடலின் அடி நமக்குத் தெரு தெரிவதுபோலத் தெரியும். தாழை (கடற்புல்லுக்கு அவர்கள் சொல்லும் பெயர்) எங்கே அடர்ந்திருக்கிறது, எங்கே சேறு, எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) வலை சிக்கும் என்று பாகக் கணக்கில், அதாவது கைவிரித்த நீள அளவில், சொல்வார். ஒரு பெரிய வெள்ளைத்தாளில் கரைக்கோட்டையும் கோயில், கலங்கரை விளக்கம், பாலம் போன்ற அடையாளங்களையும் வரைந்து நடுவில் வைத்துவிட்டு, பென்சிலை அவர்கள் கையில் கொடுங்கள். நீங்கள் பேசாமல் இருங்கள். ஒருவர் போடும் கோட்டை இன்னொருவர் 'அது இன்னும் வடக்கே தள்ளிப்பா' என்று திருத்துவார். அந்தத் தாள் உங்களுக்குப் பல நாள் படகு வாடகையை மிச்சப்படுத்தும்.

பெண்களைத் தனியாகப் பாருங்கள். தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்க முங்கும் பெண்களுக்கு ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் இருப்பது ஆண்களைவிட நன்றாகத் தெரியும். மரிக்கொழுந்துப் பாசி எங்கே, கட்டக்கோரைப் பாசி எந்த மாதம் வளரும், பக்கோடா பாசி எந்தப் பாறையில் என்று பிரித்துச் சொல்வார்கள். செயற்கைக்கோள் படத்தில் பாசியும் கடற்புல்லும் ஒரே மாதிரி கறுப்பாகத் தெரியும் என்பதால் இந்தத் தகவல் தங்கம்.

ஆனால் ஒன்று. பூங்கா எல்லைக்குள் பாசி எடுக்கத் தடை இருப்பதால், வனத்துறைக் கடிதத்தோடு வரும் யாரையும் அவர்கள் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். முதல் தடவை வனத்துறை ஜீப்பில் போய் இறங்கிவிடாதீர்கள். ஊர்த் தலைவரைப் பார்த்து, எதற்கு வந்திருக்கிறீர்கள், வரைபடம் யார் கைக்குப் போகும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மீன்பிடி இடங்களை வரைபடத்தில் போட வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் போடாதீர்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னால் எழுதிக் கொடுங்கள்.

5. செயற்கைக்கோள் படம்

இதற்குச் செலவு இல்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படங்கள் கோப்பர்நிக்கஸ் தளத்தில் இலவசம். ஒரு புள்ளி 10 மீட்டர், ஐந்து நாளுக்கு ஒரு படம், நம் ஊருக்கு மேல் வருவது காலை பத்தரை மணி வாக்கில். படத்தைத் திறக்கவும் வேலை செய்யவும் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, மூன்று நான்கு வருடப் படங்களை வரிசையாகத் திறந்து கண்ணால் பாருங்கள். மேகம் எவ்வளவு என்று தளம் சொல்லும் சதவீதத்தை நம்பாதீர்கள். அது படம் முழுவதுக்கும் போட்ட கணக்கு. உங்கள் இடத்தில் மேகம் இல்லையா, கலங்கல் இல்லையா, அலை வரிகள் இல்லையா என்பதுதான் கேள்வி. நல்ல படம் ஒரு பருவத்துக்கு ஒன்றிரண்டு தேறினாலே அதிர்ஷ்டம்.

இறக்கும்போது 'எல்1சி' என்ற பதிப்பை எடுங்கள். வளிமண்டலத் திருத்தம் செய்த 'எல்2ஏ' கைக்கு எளிது, ஆனால் அந்தத் திருத்தம் நிலத்தை மனதில் வைத்துச் செய்தது. தண்ணீருக்கு அக்கோலைட் என்ற இலவச மென்பொருளில் எல்1சியைக் கொடுத்து நீங்களே திருத்துவது நல்லது.

பளபளப்பை நீக்க, அகச்சிவப்புப் பட்டையை (படத்தில் ஒவ்வொரு நிற ஒளிக்கும் தனியாக இருக்கும் அடுக்குதான் பட்டை) வைத்து மற்ற பட்டைகளிலிருந்து கழிக்கும் முறை இருக்கிறது. ஆழமான தண்ணீரில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டும். இதில் ஒரு பொறி: இடுப்பளவுத் தண்ணீரில் புல் நீர்மட்டம் வரை எழுந்து நிற்கும் இடத்தில் அந்தப் புல்லே அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். மென்பொருள் அதைப் பளபளப்பு என்று நினைத்துக் கழித்துவிடும். கரையோரத்தை ஒட்டிய பகுதியைத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆலன் கோரல் அட்லஸ் என்ற இலவச உலக வரைபடத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தேடுவது என்று யோசிக்க உதவும். விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

6. கருவிகளும் செலவும்

பணம் போகும் இடம் படகு. நாட்டுப்படகு, எரிபொருள், இரண்டு பேர் கூலி, சாப்பாடு என்று ஒரு நாளைக்கு ஐந்தாயிரம் முதல் எட்டாயிரம் ரூபாய் வரை வைத்துத் திட்டமிடுங்கள். ஊருக்கு ஊர், டீசல் விலைக்கு விலை மாறும். அதற்கு மேல், கூலி பேசும்போதே 'காற்றால் பாதியில் திரும்பினால் என்ன' என்பதையும் பேசிவிடுங்கள். நான் பாதி வாடகை என்று பேசிக்கொள்வேன். இதைப் பேசாமல் விட்டால், படகுக்காரர் நட்டத்துக்கு அஞ்சி மோசமான நாளிலும் உங்களைக் கூட்டிப் போவார், அது இருவருக்கும் ஆபத்து.

மற்றவை மலிவு. 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தைக் கடைத்தெருவில் வாங்கிய பிவிசி குழாயில் நீங்களே செய்யலாம், சில நூறு ரூபாய். குழாயில் நான்கைந்து துளை போடுங்கள், இல்லையென்றால் அது மிதந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி அக்ரிலிக் தகடு ஒட்டினால் கண்ணாடி வாளி தயார். படகிலிருந்து குனிந்து பார்க்க இதைவிட நல்ல கருவி இல்லை. தண்ணீரின் தெளிவை அளக்கக் கறுப்பு வெள்ளைத் தட்டும் அளவு போட்ட கயிறும். கையடக்க ஜிபிஎஸ் ஒன்று, அதற்கு மாற்று பேட்டரி.

கேமராதான் கொஞ்சம் பணம் கேட்கும். கயிற்றில் கட்டி இறக்கும் ஆக்‌ஷன் கேமரா நல்ல படம் தரும். ஆனால் தண்ணீருக்குள் வைஃபை வேலை செய்யாது, அடியில் என்ன தெரிகிறது என்று மேலே இருந்து பார்க்க முடியாது. மீன் பிடிப்பவர்கள் வாங்கும் கம்பி இணைத்த மலிவுக் கேமராவில் படம் சுமார், உடனே பார்க்கலாம். கலங்கல் உள்ள இடத்தில் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி. படகோட்டிகள் போட மாட்டார்கள், நீங்கள் போட்டால் சிரிப்பார்கள். போடுங்கள்.

7. கடலில் ஒரு நாள்

விடியும்போது கிளம்பி நண்பகலுக்குள் திரும்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் கடற்காற்று எழும்பினால் நீரின் மேற்பரப்பில் சிற்றலை எழுந்து கண்ணாடி வாளியில் ஒன்றும் தெரியாது. முந்தின நாள் இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம்) தரும் கடல்நிலை முன்னறிவிப்பைப் பாருங்கள், அப்புறம் படகோட்டியைக் கேளுங்கள். இருவரில் ஒருவர் வேண்டாம் என்றால் போகாதீர்கள்.

கிளம்பியதும் முதல் வேலை: ஜிபிஎஸ் திரையில் தெரியும் மணியைக் கேமராவில் ஒரு படம் எடுங்கள். மாலையில் ஆயிரம் படங்களை இடத்தோடு பொருத்தும்போது, கேமரா கடிகாரம் எவ்வளவு தப்பு என்று இந்த ஒரு படம் சொல்லிவிடும்.

ஜிபிஎஸ்ஸில் ஆயத்தொலைவு எந்த வடிவத்தில் பதிகிறது என்று பாருங்கள். 9 பாகை 17.5 நிமிடம் என்பதை யாராவது 9.175 என்று எழுதினால் புள்ளி ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். முழுக் குழுவும் தசம பாகையில் மட்டும் என்று முடிவு செய்யுங்கள். வரைபடங்களுக்குப் பயன்படும் யூடிஎம் என்ற ஆயத்தொலைவு அமைப்பில் இந்தப் பகுதி முழுவதும் 44 வடக்கு மண்டலம். கன்னியாகுமரிப் பக்கம் வேலை செய்தவர்களின் கோப்பை வாங்கிப் பயன்படுத்தினால் அது 43இல் இருக்கும், கவனம்.

புள்ளிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது? செயற்கைக்கோள் படத்தில் கறுப்பாக, வெளிறி, பச்சையாகத் தெரியும் ஒவ்வொரு விதமான இடத்திலும் முன்கூட்டியே புள்ளிகளைச் சிதறவிட்டு ஜிபிஎஸ்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள். படகோட்டி 'இங்கே நல்லா இருக்கு, வாங்க' என்று கூட்டிப் போகும் இடங்களுக்கும் போங்கள், ஆனால் அவற்றைத் தனிக் குறியோடு பதியுங்கள். அவை நல்ல இடங்களாக மட்டுமே இருக்கும், வரைபடத்தைச் சாய்த்துவிடும். ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் தவறும், படப்புள்ளி 10 மீட்டர். ஆகவே சுற்றிலும் 30 மீட்டருக்கு ஒரே மாதிரி இருக்கும் இடமாகப் பாருங்கள். புல்லும் மணலும் விளிம்பில் கலக்கும் இடத்தில் எடுத்த புள்ளி எதற்கும் உதவாது.

இறங்கிப் பார்க்கக்கூடிய ஆழத்தில் சட்டத்தை வைத்து, பக்கத்தில் புள்ளி எண் எழுதிய பலகையையும் வைத்து, நேர் மேலிருந்து படம். பிறகு சட்டத்துக்குள் எத்தனை சதவீதம் புல் மூடியிருக்கிறது என்று மதிப்பிடுங்கள். இருவர் தனித்தனியாக எழுதிவிட்டு ஒப்பிடுங்கள். முதல் நாள் ஒருவர் 40 என்பார், இன்னொருவர் 70 என்பார். அன்று மாலையே படங்களை வைத்துப் பேசித் தீர்த்துக்கொண்டால் பிறகு நெருங்கி வந்துவிடும்.

இனம் அடையாளம் காண இலை போதும். ஊசிபோல உருண்ட இலை சிரிங்கோடியம். பட்டையான இலையின் நுனியில் ரம்பப் பல் இருந்தால் சைமோடோசியா செருலேட்டா. இரண்டிரண்டாக முளைத்த சிறு முட்டை வடிவ இலை ஹாலோஃபிலா ஓவாலிஸ். நீண்ட நாடாவும் கிழங்கில் கறுப்பு நாரும் என்றால் என்ஹாலஸ். சந்தேகமானதை 'தெரியவில்லை' என்று எழுதிப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். புல்லைப் பிடுங்க வேண்டாம்.

புல்வெளியில் நீளமாக வரி வரியாக மழித்ததுபோல் இருந்தால் அது கடற்பசு, ஊர்ப் பேச்சில் ஆவுளியா, மேய்ந்த தடமாக இருக்கலாம். பதியுங்கள். அந்த ஆயத்தொலைவை வெளியில் பகிராதீர்கள், வனத்துறையிடம் மட்டும் கொடுங்கள்.

நங்கூரத்தைப் பவளத்தில் போட விடாதீர்கள். மணல் பார்த்துப் போடுங்கள், அல்லது மிதந்தபடியே வேலை செய்யுங்கள். சேற்றுத் தரையில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். சொறி (ஜெல்லிமீன்) அதிகமாகத் தெரியும் நாளில் இறங்க வேண்டாம்.

பழகிய குழுவுக்கு ஒரு நாளில் நாற்பது ஐம்பது புள்ளி முடியும். வகைக்கு ஐம்பது புள்ளி சரிபார்க்க, அதே அளவு கணினிக்குக் கற்றுக்கொடுக்க என்றால், 'பார்க்க முடியவில்லை' தவிர்த்த ஐந்து வகைக்கு 500 புள்ளி. பத்துப் பன்னிரண்டு படகு நாள். உங்கள் வரவுசெலவுக் கணக்கை இங்கிருந்து தொடங்குங்கள். களப்பணியும் படம் எடுத்த தேதியும் ஒரே பருவத்தில் இருக்கட்டும். ஒரு வாடைக்காலம் இடையில் போனால் புல்வெளியின் விளிம்பு மாறியிருக்கும்.

8. ஆழமும் கலங்கலும்

செயற்கைக்கோள் படத்தில் ஆழத்தில் இருக்கும் மணலும் ஆழமில்லாத இடத்தில் இருக்கும் புல்லும் ஒரே கறுப்பு. ஆழம் தெரியாமல் இரண்டையும் பிரிக்க முடியாது. மீன்தேடும் கருவி ஒன்றைப் படகில் பொருத்தி, போகும் வழியெல்லாம் ஆழத்தைப் பதியுங்கள். ஓதத்துக்குத் திருத்துவதை விட்டுவிடாதீர்கள். பாக் விரிகுடாவில் ஓத ஏற்றஇறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் நீங்கள் வேலை செய்வது இரண்டு மீட்டர் தண்ணீரில். ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் பச்சை லேசர் தெளிந்த ஆழமற்ற நீரில் அடியைத் தொட்டுத் திரும்பும். அந்தத் தரவும் இலவசம், கோடு கோடாகத்தான் கிடைக்கும். உங்கள் ஆழக் கணக்கைச் சரிபார்க்க உதவும்.

நீரின் தெளிவுத் தட்டு இரண்டு மீட்டரிலேயே மறைந்துவிடும் இடங்களில் செயற்கைக்கோளை நம்ப வேண்டாம். அங்கே பக்கவாட்டு ஒலிக்கதிர்க் கருவி, அதாவது சைடு ஸ்கேன் சோனார்தான் வழி. பொழுதுபோக்கு மீன்பிடிப்பவர்களுக்கான மாதிரிகளே போதும். மரக்கழியில் கட்டிப் படகின் பக்கவாட்டில் இறக்கி, நடை வேகத்தில் போக வேண்டும். புல் சொரசொரப்பாகவும் மணல் வழவழப்பாகவும் தெரியும், இழுவலை உரசிய தடங்கள்கூடக் கோடுகளாகத் தெரியும். வாங்க முடியாவிட்டால் ஏதாவது கல்லூரியில் இருக்கிறதா என்று கேளுங்கள், பெட்டியிலேயே தூங்கும் கருவிகள் நிறைய.

9. வகைப்படுத்தல்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பாடங்கள் ஏராளமாக இருக்கின்றன. நிலத்தையும் ஆழ்கடலையும் மறைத்துவிட்டு, ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினி வகைப்படுத்தல் முறைக்குப் படப் பட்டைகளையும் ஆழத்தையும் கொடுங்கள். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே கையாளும் கூகுள் எர்த் எஞ்சினில் வணிகமல்லாத வேலைக்குக் கட்டணம் இல்லை.

வரும் முதல் வரைபடத்தை அச்செடுத்து மீனவர்கள் வரைந்த தாளுக்குப் பக்கத்தில் வையுங்கள். நேர்க்கோட்டில், சம இடைவெளியில் கறுப்புச் சதுரங்கள் தெரிந்தால் அது கடற்புல் இல்லை, பெப்சி பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள். படகின் நிழல், புகைபோன்ற மேகத்தின் நிழல், கரையில் ஒதுங்கிக் குவிந்த செத்த புல் எல்லாமே 'அடர்ந்த கடற்புல்' என்று வந்து நிற்கும். கையால் வெட்டி எறியுங்கள், எங்கெங்கே வெட்டினீர்கள் என்று எழுதி வையுங்கள்.

10. சரிபார்ப்பு

கற்றுக்கொடுத்த புள்ளியை வைத்தே சரிபார்த்தால் 95 சதவீதம் வரும், மனசுக்குச் சந்தோஷமாக இருக்கும், அவ்வளவுதான். சரிபார்க்கும் புள்ளிகளைத் தொடக்கத்திலேயே பிரித்துத் தனிக் கோப்பில் பூட்டிவிடுங்கள். ஒரே புல்திட்டில் பக்கத்துப் பக்கத்தில் எடுத்த இரண்டில் ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் வைப்பதும் ஏமாற்றுதான். திட்டு திட்டாகப் பிரியுங்கள்.

மொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள். வரைபடம் 'அடர்ந்த கடற்புல்' என்று சொல்லும் 50 இடங்களில் 41இல் உண்மையாகவே புல் இருந்தால் அந்த வகைக்கு 82 சதவீதம். மறுபக்கம், உண்மையில் சிதறிய புல் இருந்த 50 இடங்களில் 22ஐ மட்டும் வரைபடம் பிடித்திருந்தால் அது 44 சதவீதம். வனத்துறைக்கு இந்த இரண்டாவது எண்தான் தேவை. சிதறிய புல்லைக் கடற்பசு தேடி வந்து மேயும், வரைபடமோ அதை மணல் என்று சொல்லிக்கொண்டிருக்கும். பெரும்பாலான வரைபடங்கள் தடுக்கி விழுவது இந்த வகையில்தான், மறைக்காதீர்கள்.

11. ஒப்படைப்பது

அனுமதியில் சொன்ன அறிக்கையைக் காலாவதித் தேதிக்கு முன்பே கொடுங்கள். கொடுத்ததற்குப் பதிவு எண் வாங்குங்கள். அடுத்த வருட அனுமதி கேட்கும்போது முதலில் பார்ப்பது போன வருட அறிக்கை வந்ததா என்பதைத்தான்.

வரைபடத்தோடு படத்தின் தேதி, களப்பணித் தேதிகள், வகைவாரித் துல்லியம், 'பார்க்க முடியவில்லை' பரப்பு எவ்வளவு ஆகியவை அதே தாளில் அச்சாகியிருக்க வேண்டும். தனி இணைப்பில் போட்டால் முதல் நகல் எடுக்கும்போதே பிரிந்துவிடும்.

ஊருக்கு ஒரு பிரதி, தமிழ்க் குறிப்புகளோடு, பெரிய அளவில், ஃப்ளெக்ஸில் அச்சடித்து. காகிதம் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. மீன்பிடி இடங்கள் இல்லாத பதிப்பைத்தான் வனத்துறைக்கும் கொடுத்தீர்கள் என்பதை ஊர்த் தலைவருக்குக் காட்டிவிடுங்கள். மூலப் படங்களும் புள்ளிக் கோப்பும் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும். அடுத்த ஆகஸ்ட் மனுவுக்கு இவற்றிலிருந்து இரண்டு பக்கம் எடுத்துச் சேர்த்தால் போதும்.